தவணை தாண்டிய பொருள்

முத்து குளிரவில்லை.

ஹைமவதி அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலமாரியின் உள்ளறையிலிருந்து நீல வெல்வெட் பெட்டியை எடுத்து, ஏழு சரங்களையும் ஒன்றாக அள்ளிக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். பஸ்ரா முத்து எந்தக் கோடையிலும் முதல் தொடுகையில் சில்லென்று இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உடம்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும். கல்யாணத்தன்று அம்மா அதைப் பூட்டிவிட்டபோது தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தது இப்போதும் நினைவிருந்தது. இன்று அறையில் என்ன சூடு இருந்ததோ அதே சூடுதான் முத்திலும் இருந்தது. வெளியே மழை கட்டி நின்றது. பகல் இரண்டு மணிக்கே ஜூபிலி ஹில்ஸ் மேடு முழுக்க இருட்டியிருந்தது. புழுக்கத்தால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

முத்தாரத்தோடு வைர ஒட்டியாணத்தையும், பத்தாவது திருமண நாளுக்குச் சக்ரதர் வாங்கித் தந்த சுவிஸ் கைக்கடிகாரத்தையும் காய்கறிப் பையில் வைத்து, மேலே ஒரு பழைய துப்பட்டாவைத் திணித்தாள்.

இது சக்ரதருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதில்தான் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம். அவன் எடுத்த கடைசி இரண்டு படங்களும் மூன்றாம் நாளே தியேட்டரைவிட்டு ஓடிவிட்டன. இந்தப் படம் வெள்ளிக்கிழமை வர வேண்டும். பைனான்சியர் கையெழுத்துப் போட்டால்தான் வரும். அதற்காக நாலு நாளாக மும்பையில் அலைகிறான். நேற்றுப் போனில் பேசும்போது அழுதான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் அழுது அவள் கேட்டதில்லை. "எல்லாம் போச்சு ஹைமா. இனிமே என்கிட்ட வைக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்றான். என்கிட்டே இருக்கே என்று அவள் அப்போது சொல்லவில்லை. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

கீழே சாப்பாட்டு மேசையில் லாஸ்யா படம் வரைந்துகொண்டிருந்தாள். எட்டு வயது. அன்று பள்ளி விடுமுறை. தட்டில் பாகற்காய் வறுவல் துளி மிச்சமில்லை.

"யாரோட புஜ்ஜி இது?" என்று போகிறபோக்கில் அவள் தலையைத் தடவினாள் ஹைமவதி.

"உங்க புஜ்ஜிதான் அம்மா" என்றது குழந்தை, தலையை நிமிர்த்தாமல்.

சமையல்காரி நரசம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். "குழந்தை ரொம்பத் திருந்திடுச்சும்மா. முன்னெல்லாம் ஒரு டம்ளர் பாலுக்கு என்னை வீடு பூரா ஓடவிடும். என் முட்டி தேஞ்சதே அதாலதான். இப்ப பாருங்க, பாகக்காய் இன்னும் போடுன்னு கேக்குது!"

"கண்ணு வைக்காத நரசம்மா. ஆறு மணிக்குள்ள வந்துடறேன்."

கார் இரண்டு மாதமாக சர்வீஸில் இருந்தது. அப்படித்தான் சக்ரதர் சொல்லியிருந்தான். வாசலில் காவல்காரன் யாதகிரி ஆட்டோவை நிறுத்திக் கொடுத்தான்.

அந்த இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. படக்காரர்களின் மனைவிகள் பார்லரில் தலைக்குச் சாயம் காயும் நேரத்தில், குரலைத் தாழ்த்தி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இடம் அது. பஞ்சாரா ஹில்ஸில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இரண்டாவது மாடி. அடகுக்கடை என்றால் நம்ப முடியாது. கால் புதையும் கம்பளம், வெட்டிவேர் வாசனை, எங்கோ சுவருக்குப் பின்னால் ஓயாமல் ஓடும் குளிர்சாதன இரைச்சல். கண்ணாடி அடுக்குகளில் கைப்பைகள், பேனாக்கள், ஒரு வெள்ளி வீணை. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய சிறிய அட்டை. கதவு திறந்த காற்றில் அட்டைகள் எல்லாம் ஒருமுறை திரும்பி, மறுபடி அடங்கின.

மதிப்புப் போடுபவர் பத்ரய்யா அறுபது வயதுக்காரர். வெள்ளைச் சட்டை, மெலிந்த விரல்கள், கோயில் அர்ச்சகர் போல மென்மையான குரல். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சக்ரதர் சார் வீட்டம்மாதானே? நீங்க நாளைக்குத்தான்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "உக்காருங்கம்மா. காபி குடிக்கறீங்களா?"

தன்னை எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்க வாயெடுத்தாள். பட விழாக்களில் பார்த்திருப்பார் என்று அவளே சமாதானம் செய்துகொண்டு பையைப் பிரித்தாள்.

அவர் முத்தாரத்தைக் கையில் வாங்கினார். விளக்கடியில் பிடிக்கவில்லை, தராசில் வைக்கவில்லை. உள்ளங்கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக மேசைமேல் வைத்தார். ஒட்டியாணத்தையும் கடிகாரத்தையும் அப்படியே.

"நல்ல வேலை" என்றார். "ரொம்ப நல்ல வேலை."

"எவ்வளவு கிடைக்கும்?"

"அம்மா, இதெல்லாம் செஞ்சதும்மா. சினிமாவுக்குச் செய்யறாங்களே, அந்த மாதிரி. இந்தக் கொக்கியில ஒரு கீறல் இருக்கு பாருங்க. அசல்ல இருக்கற அதே கீறல். அதைக்கூட அப்படியே செஞ்சிருக்காங்க. ஆனா கீறலுக்குள்ள அழுக்கில்ல. அது தானா சேரணும். அதை மட்டும் எந்தக் கைக்காரனாலயும் செய்ய முடியாது."

அவள் கொக்கியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "என்ன சொல்றீங்க? இது எங்க அம்மா போட்டது. அலமாரியைவிட்டு வெளிய போனதே இல்ல."

பத்ரய்யா உள்ளே போனார். கனத்த கதவு ஒன்று திறந்து மூடும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் அதே நீல வெல்வெட் பெட்டி. திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். ஒரே ஒரு விரலால் தொட்டாள். சில்லென்று ஏறியது. முழங்கைவரை.

அட்டையில் சக்ரதரின் கையெழுத்து. போன வருஷம் மே மாதத் தேதி.

போன வருஷம் தீபாவளிக்கு அவளைப் பொய் முத்தைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, பக்கத்தில் நின்று, "ராணி மாதிரி இருக்கே" என்று போட்டோ எடுத்தான்.

"வேற என்னல்லாம் வெச்சிருக்கார்?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"அதைச் சொல்றதுக்கில்லம்மா."

அவள் எழுந்து பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் தடுக்கவில்லை. பக்கம் முழுக்க ஒரே பெயர். முத்தாரம். ஒட்டியாணம். கடிகாரம். கார். அவள் மாமியாரின் கெம்பு அட்டிகை. ஒவ்வொன்றுக்கும் தேதி, தொகை, தவணை. கடைசி வரியில் ஜூன் பதினொன்று. பொருள் என்ற இடத்தில் "லா." என்று ஓர் எழுத்து. எண்ணிக்கை ஒன்று. வயது எட்டு. தவணை நாற்பது நாள்.

பத்ரய்யாவின் கை பக்கத்தின்மேல் வந்து படிந்தது.

"அது வேற கணக்கும்மா. சார் வந்ததும் அவர்கிட்டயே கேளுங்க."

திரும்பும் ஆட்டோவில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் படபடக்க, பெட்ரோலும் ஈரமண்ணும் கலந்து வீச, மடியில் பொய் நகைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. விஸ்கி, என்று சொல்லிக்கொண்டாள். மாடி அறையில் அவன் விஸ்கிப் புட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறான். அவற்றுக்குத்தான் வயது போடுவார்கள். எட்டு வருஷத்து விஸ்கி. பெயர் "லா" என்று ஆரம்பிக்கும். ஏதோ ஒன்று இருக்கும். நிச்சயம் இருக்கும்.

ஜூன் பதினொன்று என்ன கிழமை?

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள். சக்ரதர் குழந்தையைத் தனியாக ஷாமீர்பேட்டைப் பண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஒரு படப்பிடிப்பைக் காட்டுவதற்காக. மறுநாள்தான் வந்தார்கள். "வழியிலயே காய்ச்சல். தூங்கட்டும், தொந்தரவு பண்ணாத" என்று அவனே தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனான். காய்ச்சலுக்குப் பிறகு குழந்தை அடம் பிடிப்பதில்லை. ஹைமவதியை "நீ" என்று சொல்வதில்லை. "யாரோட புஜ்ஜி?" என்று கேட்டால் முன்பு, "யாரோடதும் இல்ல, ரோட்ல கிடந்தேன், நீ தூக்கிட்டு வந்துட்டே" என்று கண்ணைச் சிமிட்டுவாள். அது இருவருக்குமான வேடிக்கை. கடைசியாக எப்போது அப்படிச் சொன்னாள்?

வீட்டில் மின்சாரம் இல்லை. நரசம்மா பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். லாஸ்யா அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். இருட்டில் வரைந்துகொண்டிருந்தாள். காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம் ஒரே சீராக, நிற்காமல்.

"வெளிச்சம் இல்லாம எப்படிம்மா வரையறே?"

"வரையறேன் அம்மா."

ஹைமவதி பக்கத்தில் மண்டியிட்டாள். குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கிரேயான் மெழுகும் கலந்த ஒரு வாசனை அங்கே இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் நூறு குழந்தைகளில் கண்டுபிடித்துவிடுவாள். இப்போது அங்கே புது அட்டைப்பெட்டியைத் திறந்தால் வரும் வாசனை. அவ்வளவுதான்.

போனின் விளக்கைப் போட்டாள். முழங்காலில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. இருக்கிறது. அதே பிறை வடிவம். விரலால் தடவினாள். வழவழவென்று. நகங்களைப் பார்த்தாள். நாள் முழுக்கப் பென்சில் பிடித்த நகங்கள். குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். காலையிலிருந்து வெறுங்காலோடு திரியும் குதிகால்.

எங்கேயும் அழுக்கு இல்லை.

குழந்தை காலை இழுத்துக்கொள்ளவில்லை. கூச்சப்பட்டுச் சிரிக்கவில்லை. திருப்பிய பக்கம் திரும்பி, பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தது.

ஹைமவதி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டாள். சக்ரதரைக் கூப்பிட்டாள். நாலாவது மணியில் எடுத்தான்.

"என்ன ஹைமா, மீட்டிங்ல இருக்கேன்..."

"ஜூன் பதினொண்ணு நீங்க என்னத்தை அடகு வெச்சீங்க?"

 மறுமுனையில் மழைச் சத்தம்.

"யார் சொன்னது உனக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை படம் ஓடிட்டா மீட்டுடலாம்னுதான் ஹைமா. சத்தியமா." குரல் உடைந்தது. நேற்று உடைந்த அதே மாதிரி. "நீ கண்டுபிடிக்கவே மாட்டேன்னு சொன்னாங்க. அவ்வளவு நல்லாச் செஞ்சு தர்றோம்னாங்க. நாப்பது நாள் நீ கண்டுபிடிச்சியா? சொல்லு. சந்தோஷமாத்தானே இருந்தே?"

 தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"என் குழந்தை எங்கடா?"

போன் அணைந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி. தொடர்பு எல்லைக்கு வெளியே.

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், "அம்மா, பால் குடிச்சுட்டேன் அம்மா" என்றது குரல்.

மழையில் நனைந்துகொண்டே அடகுக்கடையின் வெளிப்புற மாடிப்படிகளை அடைந்தாள். எப்படி ஆட்டோ கிடைத்தது, என்ன கொடுத்தாள் என்பது எதுவும் நினைவில்லை. செருப்பு ஒன்று எங்கோ போயிருந்தது. பத்ரய்யா கடையைப் பூட்டிவிட்டுக் குடையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"குடுத்துடுங்க. என்ன வேணும்னாலும் எடுத்துக்கங்க. வீட்டை எழுதித் தர்றேன். என் குழந்தையைக் குடுத்துடுங்க."

அவர் கோபப்படவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

"தவணை நேத்தோட முடிஞ்சதும்மா. ராத்திரி எட்டு மணி வரைக்கும் சாருக்காகக் கடையைத் திறந்து வெச்சிருந்தேன்."

"இப்ப எங்க இருக்கா?"

"நல்ல இடம். குழந்தை இல்லாதவங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "எங்ககிட்ட வந்த முதல் ரெண்டு நாள் அழுதுது. அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுது. அம்மாவுக்குத் தெரியுமான்னு."

 "நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஏம்மா பொய் சொல்லணும்? அடகுச் சீட்டுல ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்துது. காட்டினேன். உங்க பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சுது. அதுக்கப்புறம் அழல."

அவள் படியில் சரிந்தாள். மழைத்தண்ணீர் படிப்படியாக இறங்கி அவள் மடியில் நிறைந்தது.

"நான் போடல" என்றாள். "நான் கையெழுத்துப் போடல. அவகிட்ட யாராவது சொல்லுங்க."

பத்ரய்யா அவளுக்கு மேலாகக் குடையைப் பிடித்தார். "எழுந்திரிங்கம்மா. வாங்கினவங்ககிட்ட பேசிப் பாக்கணும்னா சீட்டு வேணும். சார்கிட்ட ஒரு பிரதி இருக்கும். வீட்லதான் இருக்கும். வாங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

கருப்புக் கார். உள்ளே அதே வெட்டிவேர் வாசனை. முன்னிருக்கையின் பின்புறத்தைப் பற்றியபடி அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாடி அறை. எழுதும் மேசை. இரண்டாவது இழுப்பறை, பூட்டியிருக்கும், உடைக்க வேண்டும். யாதகிரியிடம் கடப்பாரை இருக்கிறது. சீட்டு. சீட்டைக் காட்ட வேண்டும். குழந்தையின் முன்னால் நின்று, அதே பெயரை எழுதிக் காட்ட வேண்டும். பார் புஜ்ஜி, இது என் எழுத்து, அது இல்லை. வைப்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது. 

வீட்டில் மின்சாரம் வந்திருந்தது.

எல்லா ஜன்னல்களிலும் வெளிச்சம். போர்ட்டிகோவில் சக்ரதரின் ஈரச் செருப்பு. மும்பையில் இருந்தவனின் செருப்பு. வெளி கேட் பூட்டியிருந்தது. அதைப் பிடித்து உலுக்கினாள். யாதகிரி வந்து டார்ச் வெளிச்சத்தை அவள் முகத்தில் அடித்தான்.

"யாரும்மா? என்ன வேணும்?"

"யாதகிரி! கேட்டைத் திற!"

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். தலையிலிருந்து கால்வரை. ஒற்றைச் செருப்பு, ஈரப்புடவை, விரிந்த கூந்தல். ஏதோ ஒரு ஜாடை அவனுக்கும் தட்டுப்பட்டிருக்க வேண்டும். ஒருமுறை திரும்பி வீட்டைப் பார்த்துக்கொண்டான்.

"அம்மா உள்ள இருக்காங்க" என்றான், குழப்பத்தோடு. "இப்பத்தான் ஆட்டோவுல வந்தாங்க. நான்தான் திறந்துவிட்டேன்."

சாப்பாட்டு அறையின் ஜன்னல்.

மேசையில் சக்ரதர். முகம் கழுவி, தலை வாரி. எதிரே அந்தக் குழந்தை. நரசம்மா வாயைப் பொத்திக்கொண்டு எதற்கோ சிரித்தாள். அவளைச் சிரிக்கவைத்த பெண் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள். பச்சை நாராயணப்பேட்டைப் புடவை. ஹைமவதியின் புடவை. கரண்டியைத் தட்டின் விளிம்பில் இரண்டு தரம் தட்டும் அந்தப் பழக்கம். அதுவும் இருந்தது.

சக்ரதர் ஏறிட்டான். ஜன்னல் வழியாக, மழை வழியாக, கேட் கம்பிகளின் வழியாக நேராக அவளைப் பார்த்தான். அழவில்லை. கையைத் தட்டில் வைத்தபடியே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"சக்ரதர்!"

சத்தம் கேட்டு அந்தப் பெண் திரும்பினாள். கையில் கரண்டியோடு ஜன்னலுக்கு வந்தாள். நெற்றியில் கை வைத்து இருட்டுக்குள் உற்றுப் பார்த்தாள். சோர்ந்த கண்கள். கருணையான முகம். பிறந்ததிலிருந்து கண்ணாடியில் பார்த்து வந்த முகம்.

பின்னால் கார்க் கதவு திறந்தது. ஹைமவதியின் தலைக்கு மேலே மழை நின்றது. குடை. மணிக்கட்டில் ஏதோ இறுக்கியது. நூல். நூலின் முனையில் ஒரு சிறிய அட்டை, அதில் "ஹை." என்று ஓர் எழுத்து, இன்னும் மை காயாமல்.

"போலாமாம்மா?" என்றார் பத்ரய்யா. "நனையக்கூடாது நீங்க."

உள்ளே அந்தப் பெண், முன்பின் தெரியாத யாரோ வாசலில் நின்று வீட்டை வெறித்துப் பார்க்கும்போது எந்தக் குடும்பத்துப் பெண்ணும் செய்வதுபோல, குழந்தையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு, ஜன்னல் திரையை மூடினாள்.